எந்தத் தண்ணிக்கு எந்தக் கொண்டிஷனர்?

சில வருடங்களுக்கு முன்வரை திருகோணமலையின் சில்லறைக் கடை வாசல்களில் எந்நாளும் தோரணம் தொங்கும். மாவிலைத் தோரணம் அல்ல, ஷாம்பு பைக்கற்றுத் தோரணம். பச்சை, கறுப்பு, ரோஸ் என்று நிறத்துக்கு ஒரு சரம். ஒன்றைக் கிழித்து வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் ஒரு முழுக்கு முடிந்துவிடும். கொண்டிஷனரும் அப்படித்தான் வந்தது. முடிக்கு ஒத்துவராவிட்டால் அடுத்த வெள்ளிக்கு வேறு நிறம்.

2021 மார்ச் 31 முதல் இலங்கையில் அந்த வசதிக்குச் சட்டம் தடை போட்டது. உணவு, மருந்து தவிர்ந்த பொருள்களை 20 மில்லிலீற்றரோ அதற்குக் குறைவாகவோ அடைத்த சஷேக்களில் விற்கக் கூடாது என்பது அந்தத் தடை. கடற்கரையிலும் வாய்க்காலிலும் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பார்த்தவர்கள் அதில் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த வருடமே பொருளாதார நெருக்கடி வந்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 வரை ஏற, இறக்குமதிப் பொருள்களின் விலையும் கூடவே ஏறியது. சில ரூபாய் கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்த காலம் போய், ஒரு முழுப் போத்தலுக்குக் காசு கட்டிய பிறகுதான் அது தன் முடிக்குச் சரிவருமா என்று தெரியவரும் நிலை வந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஷாம்புவைச் சின்னப் பைக்கற்றில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோகும் வித்தை பெரிதாகக் கிளம்பியது இதே வங்கக் கடலின் அக்கரையில், கடலூரில். அங்கே சிறு தொழில் நடத்திய சின்னி கிருஷ்ணனைத்தான் சஷே வியாபாரத்தின் முன்னோடி என்கிறார்கள். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகப் பிரிந்து ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அக்கரையில் பிறந்த பைக்கற்றுக்கு இக்கரையில் தடை வந்து, கடைத் தட்டில் போத்தல்கள் மட்டும் வரிசை கட்டி நிற்கின்றன.

அந்த வரிசைக்கு முன்னால் நிற்பவரிடம் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “தங்கச்சி, உங்கட வீட்டில எந்தத் தண்ணி?” எவரும் கேட்பதில்லை. போத்தலின் முன்பக்கமும் கேட்பதில்லை. அது ‘வறண்ட முடிக்கு’, ‘சேதமடைந்த முடிக்கு’, ‘பளபளப்புக்கு’ என்று பேசும். எந்தக் கிணற்றில் முழுகுகிறீர்கள் என்று கேட்காது.

தண்ணிக்கு வருமுன் முடியைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கவேண்டும். கொடுவா மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் சுரண்டும். ஒரு தலைமயிரின் மேற்புறமும் அதே அமைப்புத்தான். கண்ணுக்குத் தெரியாத செதில்கள் அடுக்கடுக்காக நுனியைப் பார்த்துப் படுத்திருக்கின்றன. ஒரு மயிரைப் பிடித்து, இரு விரலுக்கிடையில் நுனியிலிருந்து வேருக்கு இழுத்துப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு விரலுக்கே தெரியும். செதில்களின் மேலே இயற்கையாகவே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். புது முடியின் வழுவழுப்பு அதனால் வருவது. வெயிலும் ப்ளீச்சும் அதை உரித்துவிடும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும். அப்படியானால் 60 சென்ரிமீற்றர் பின்னலின் நுனிக்கு வயது ஐந்து. வேரோரம் உள்ள முடி போன மாதம் பிறந்தது. நுனியோ ஐந்து வருடத்து வெயிலையும் சீப்பையும் பள்ளிக்கூட ரிபனையும் கண்டது. ஒரே தலையில் குழந்தையும் கிழவியும் இருக்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் பூசுவதுதான் பலரும் செய்யும் பிழை. கொண்டிஷனர் நுனிக்கும் நடுப்பகுதிக்கும் உரியது. வேருக்குப் பூசினால் எண்ணெய் பிடித்தது போல முடி தலையோடு படிந்துவிடும், பிறகு பழி கம்பெனிக்குப் போகும். குட்டையாக வெட்டிய ஆண்களின் முடிக்கு வயது சில மாதங்கள்தான். அவர்கள் கொண்டிஷனருக்குத் தனியாகச் செலவழிக்காவிட்டால் குடி முழுகிவிடாது. ஷாம்புவும் கொண்டிஷனரும் ஒரே போத்தலில் வரும் டூ-இன்-வன் போதும். 1987இல் அமெரிக்காவில் ‘பேர்ட் பிளஸ்’ என்ற பெயரில் வந்து பிரபலமான சரக்கு அது.

கொண்டிஷனர் வேலை செய்யும் விதமும் அப்படியொன்றும் சிக்கலானதல்ல. நனைந்த முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கும். சேதமடைந்த இடத்தில் அது இன்னும் அதிகம். கொண்டிஷனரின் முக்கிய மூலப்பொருளுக்கு நேர் மின்னேற்றம். காந்தம் இரும்பைத் தேடுவது போல அது கெட்டுப்போன இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி அலசிய பிறகும் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். மிஞ்சுவதற்காகவே அதைச் செய்கிறார்கள். துணி துவைத்த பிறகு மென்மைக்காக ஊற்றுகிற திரவமும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். போத்தலின் பின்புறத்தில் ‘மோனியம் குளோரைட்’ என்று முடியும் பெயர் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் இருந்தால் உண்மையான கொண்டிஷனர் கையில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

‘செற்றில் அல்ககோல்’, ‘செற்றியரில் அல்ககோல்’ என்ற பெயர்களைக் கண்டு தயங்கிப் போத்தலைத் திரும்ப வைப்பவர்கள் உண்டு. முடியை வறட்டும் என்று சிலருக்குப் பயம், மதுசாரம் என்று வேறு சிலருக்குச் சங்கடம். இரசாயனக் குடும்பப் பெயரைத் தவிர இவற்றுக்கும் குடிக்கிற மதுவுக்கும் தொடர்பில்லை. இவை மெழுகு போன்ற வெள்ளைக் கொழுப்புப் பொருள்கள். களிம்புக்குத் தடிப்பைக் கொடுப்பதும் முடியை வழுக்கச் செய்வதும் இவைதான்.

எங்கள் பாட்டிமாரின் அரப்பும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. சீயாக்காயை அவித்து, வெந்தயம் ஊறவைத்து, செவ்வரத்தை இலையும் சேர்த்து அம்மியில் அரைத்து வைத்து முழுகியவர்கள் ஷாம்பு, கொண்டிஷனர் இரண்டையும் ஒரே சட்டியில் வைத்திருந்தார்கள். சீயாக்காயின் நுரை அழுக்கை எடுத்தது. வெந்தயத்தின் கொழகொழப்பும் செவ்வரத்தை இலையின் வழுவழுப்பும் சிக்கை எடுத்தன. வெந்தயத்தில் இருக்கும் அந்தக் கொழகொழப்பான மாச்சத்தின் நெருங்கிய உறவு கொத்தவரை விதையில் இருக்கிறது. அதை எடுத்து நேர் மின்னேற்றம் கொடுத்து, ‘குவார்’ என்று தொடங்கும் நீண்ட பெயரோடு இன்றைய ஷாம்பு போத்தல்களில் சேர்க்கிறார்கள். கொத்தவரங்காய்க் கறி வேண்டாம் என்று முகம் சுளிக்கிற பிள்ளை அதே செடியின் பிசினைத் தலையில் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது.

இனித் தண்ணிக்கு வரலாம்.

திருகோணமலை நகரத்தின் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அதைக் கொண்டு முழுகுபவர்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை; வழமையான, கழுவி விடுகிற கொண்டிஷனரே போதும். கரையோரத்துக் கிணறுகளின் கதை வேறு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் தரையில் மழைத் தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. வாளியால் அள்ளுகிறவரை அந்த நல்ல தண்ணீர் நிற்கும். மோட்டர் போட்டு நெடுநேரம் இறைத்தால் அடியிலிருந்து சவர் ஏறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரை இதை மிகக் கடுமையாக அனுபவித்தது. கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்யத் திரும்பத் திரும்ப இறைத்த சில இடங்களில் உப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. மழைக்காலம் வந்து மேலிருந்து கழுவித்தான் பல கிணறுகள் மீண்டன.

சவரும் கடினத் தன்மையும் ஒன்றல்ல. சவர் என்றால் உப்பு, நாக்குக்குத் தெரியும். கடினத் தன்மை என்றால் கல்சியமும் மக்னீசியமும். நாக்குக்குப் பிடிபடாமல் போகலாம், கேத்தலுக்குத் தெரியும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் அந்தக் கிணறு கடினத் தண்ணிக் கிணறு. இன்னொரு பரீட்சையும் உண்டு. மூடியுள்ள வெறும் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, பார் சவர்க்காரத்தில் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். நுரை பொங்கி, தண்ணீர் ஓரளவு தெளிவாக நின்றால் மென்மையான தண்ணீர். நுரை வராமல் பால் கலங்கியது போல ஆகி மேலே திரி திரியாகப் படிந்தால் கடினத் தண்ணீர். ஷாம்புவால் இப்படிச் சோதிக்க முடியாது. அது கடினத் தண்ணியிலும் நுரைத்துவிடும். சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு இது தினசரி வழக்கு. திருகோணமலைக்கு அடியில் இருப்பது வேறு வகைப் பாறை என்றாலும் வறண்ட வலயத்துக் கிணறுகளில் கடினத் தன்மை அரிதல்ல.

கல்சியமும் நேர் மின்னேற்றம் கொண்டது என்பதுதான் இங்கே சிக்கல். கொண்டிஷனர் போய் உட்காரவேண்டிய கதிரையில் அது முன்னமே உட்கார்ந்துவிடுகிறது. முடி விறைத்து, மங்கி, சீப்புக்கு இடம் கொடாமல் நிற்கும். உடனே விலை கூடிய கொண்டிஷனர் வாங்கி இன்னொரு அடுக்கு பூசினால் படிவுக்கு மேல் படிவுதான். முதலில் கதிரையைக் காலியாக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மூலப்பொருள் பட்டியலில் ‘ஈ.டி.டி.ஏ.’ அல்லது ‘சிற்றிக் அசிட்’ உள்ள ஷாம்புவால் கழுவுவது நல்லது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இருந்தால் அதைவிடச் சிறப்பு. மழைத் தண்ணீரில் கல்சியம் கிட்டத்தட்ட இல்லை. மாரியில் கூரைக்குக் கீழ் பீப்பாய் வைக்கிற வீடுகளுக்கு இந்த ஆடம்பரம் இலவசமாகவே கிடைக்கிறது.

தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் கரைத்து அலசும் பழைய முறையிலும் நியாயம் உண்டு. புளிப்பு கல்சியப் படிவைக் கரைக்கும், செதில்களையும் படிய வைக்கும். ஒரு வாளிக்கு அரைத் தேசிக்காய் போதும், பிறகு நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். புளி தோலில் இருக்க வெயிலுக்குள் போனால் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரக்கூடும் என்பதைப் பாட்டிமார் சொல்லித் தந்தார்களோ தெரியாது, தோல் வைத்தியர்கள் சொல்வார்கள்.

காற்றும் பேச்சில் சேரவேண்டும். திருகோணமலைக்கு வருடத்தில் இரண்டு முகம். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கி, சூடேறி, வறண்டு வருகிறது. மதியத்துக்குள் முடி தும்பாகிவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு கடலிலிருந்து வரும். அப்போது முடி ஊறிப் பருத்துச் சிலும்பும். தண்ணீரில் நனைந்த முடி ஏறக்குறைய 15 வீதம் தடிக்கும் என்பது ஆய்வுகூடக் கணக்கு. மழைநாளில் பின்னல் அடங்காததற்குக் காரணம் தேட வேறெங்கும் போகத் தேவையில்லை.

ஆகவே ஒரே ஆளுக்கு ஒரே கொண்டிஷனர் வருடம் முழுக்கச் சரிவரவேண்டும் என்றில்லை. கச்சானுக்குத் தடித்த களிம்பு வகை ஏற்றது. நீளமான, சுருண்ட, சாயம் போட்ட முடிக்காரர்கள் கிழமைக்கு ஒருமுறை ‘மாஸ்க்’ என்று விற்கும் இன்னும் கனமான வகையைப் பத்து நிமிடம் வைத்துக் கழுவலாம். கழுவாமல் விடுகிற ‘லீவ்-இன்’ வகையில் ஒரு துளியை நுனியில் தடவிக்கொண்டு வெளியே போகலாம். வாடைக்கு இலேசானது போதும். கிளிசரின் பட்டியலின் உச்சியில் இருக்கும் லீவ்-இன்னை அந்த மாதங்களில் தள்ளி வைப்பது புத்தி. கிளிசரின் ஈரத்தை இழுக்கும். காற்று முழுக்க ஈரமாக இருக்கும்போது அது முடியை மேலும் ஊதவைக்கும்.

அந்த மாதங்களில் சிலிக்கோன் உள்ள வகை கைகொடுக்கும். ‘டைமெத்திக்கோன்’ என்ற பெயரைக் கண்டு நஞ்சு என்று பதறுவது தேவையற்றது. அது முடியின் மேலே இருக்கும் படலம். உள்ளே போவதில்லை, சாதாரண ஷாம்புவே அதைப் பெருமளவு எடுத்துவிடும். மெல்லிய, நேரான முடிக்கு அது பாரமாக இருக்கும், அவர்கள் விட்டுவிடலாம். சுற்றாடலைப் பற்றிக் கேட்டால் பேச்சு வேறு. டி4, டி5 என்ற வளைய சிலிக்கோன்களைக் கழுவி விடும் பொருள்களில் 0.1 வீதத்துக்கு மேல் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31க்குப் பிறகு தடை போட்டது, அவை தண்ணீரில் நெடுங்காலம் அழியாமல் நிற்பதால். குளியலறைத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் குடாக்கடல் என்கிற ஊரில் இதைப் பட்டியலில் ‘சைக்குளோ’ என்று தொடங்கும் பெயராகத் தேடிப் பார்ப்பது நியாயம்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் தலையை மூடி வெளியே போகும் பெண்களுக்கு வெயில் குறைவு, உராய்வு அதிகம். முழுகிய ஈரத்தோடு அவசரமாகக் கட்டி மேலே துணியைப் போட்டால், நனைந்து பலவீனமாக இருக்கும் முடி மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். தலைத்தோலும் புழுங்கி அரிக்கும். இரவே முழுகிக் காயவைத்துக் கட்டுவது விலையுயர்ந்த எந்தப் போத்தலையும்விடப் பலன் தரும். ஸ்கூட்டியில் ஹெல்மெற்றோடு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதேதான்.

இணையத்தில் பிரபலமான பரீட்சை ஒன்று உண்டு: ஒரு மயிரைத் தண்ணீர்க் கிளாசில் போடவேண்டும், மிதந்தால் ஒரு கொண்டிஷனர், தாழ்ந்தால் இன்னொன்று. நம்பவேண்டியதில்லை. தண்ணீரின் மேற்பரப்பு இழுவையும் முடியில் ஒட்டிய எண்ணெயும்தான் அங்கே முடிவு செய்கின்றன. விரலுக்கிடையில் இழுத்துப் பார்க்கும் பரீட்சை அதைவிட நேர்மையானது. அதே போல, கொண்டிஷனர் முடியை வளர்க்கும், கொட்டுவதை நிறுத்தும் என்ற வாக்குறுதியையும் விளம்பரத்திலேயே விட்டுவிடலாம். தலைத்தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது. அதை அறுந்து போகாமல் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழமை. அதற்கு மேல் கொத்தாகக் கொட்டினால் போகவேண்டியது அழகுசாதனக் கடைக்கு அல்ல, வைத்தியரிடம்.

கொண்டிஷனரால் விளம்பரம் சொல்லாத உபகாரம் ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் பேன் ஏறினால், ஈர முடியில் கொண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, பகுதி பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுக்கவேண்டும். வழுக்கலில் சீப்பு சிக்காமல் போகும், பேன் பிடியிழந்து சீப்போடு வரும். முதலாம், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் நாள்களில் செய்யும்படி பிரித்தானியப் பொதுச் சுகாதாரச் சேவை சொல்கிறது. இதற்கு ஆக மலிவான கொண்டிஷனரே போதும். விலை கூடியதைப் பேனுக்குப் பூசத் தேவையில்லை.

எண்ணெய் கொண்டிஷனருக்கு மாற்றா என்ற கேள்வி எப்போதும் வரும். மாற்று அல்ல, முன்னேற்பாடு. 2003இல் மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிக் கழுவி, எவ்வளவு புரதம் கரைந்து போகிறது என்று அளந்தார்கள். தேங்காய் எண்ணெய் மட்டுமே அந்த இழப்பைக் குறைத்தது. அதில் அதிகமாக உள்ள லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. முடியின் உள்ளே புகக்கூடியது. அவர்கள் வேலை செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் என்பதையும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழுகமுன் எண்ணெய் வை என்று சொன்னவர்கள் எந்தக் கம்பெனியிலும் சம்பளம் வாங்கியதில்லை.

அந்த எண்ணெய் அதிகம் உதவுவது கடலில்தான். சித்திரை முதல் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், வறண்ட முடியோடு கடலில் இறங்குகிறவரின் முடி முதலில் குடிப்பது உப்புத் தண்ணீரை. நல்ல தண்ணீரில் முன்னமே நனைத்துவிட்டால் முடி வயிறு நிறைந்து இருக்கும். உப்புக்கு உள்ளே இடம் குறையும். நுனிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னினால் இன்னும் நல்லது. 2003இல் தேசிய பூங்காவான புறாத்தீவுப் பக்கம் பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள், பவளத்தை எண்ணி, அந்த எண்ணெயையும் களிம்பையும் குறைத்துப் பூசிவிட்டு, தலைக்குத் துணி கட்டிக்கொள்வது நல்லது.

உப்புவெளிக் கரையில் ஞாயிறு பின்னேரங்களில் இந்தக் காட்சியைக் காணலாம். கடலுக்கு வந்த பெட்டை, வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நிற்பாள். மணலில் துவாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மம்மா சத்தம் போடுவார்: “கடலில குளிக்கப் போறதுக்கு ஆராவது முதல்ல தலை நனைப்பினமோ? விசர்ப் பிள்ளை! இஞ்ச வா, எண்ணெய் வைச்சு விடுறன்.”

அவள் போத்தலை மணலில் குத்தி நிறுத்திவிட்டு, அம்மம்மாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள்.